பாதி கம்பெனி எண்ணெய், பாதி விளக்கெண்ணெய்

சாந்தோம் குப்பத்து மிக்கேலின் வலது கைக் கட்டைவிரலுக்கு மயிலாப்பூரில் தனி மரியாதை இருந்தது. மோட்டார் எஞ்சினுக்குள் அளவுக் குச்சியை விட்டு எடுத்து, அதன் நுனியில் தொங்கும் எண்ணெயில் ஒரு சொட்டை அந்த விரலில் வாங்கி, சுட்டுவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினான் என்றால் போதும். அது எந்த டின்னிலிருந்து வந்தது, எத்தனை மைல் ஓடியது, ஓட்டுகிறவன் பொறுமைசாலியா அவசரக்காரனா என்று எல்லாம் சொல்லிவிடுவான். கச்சேரி ரோட்டு டாக்டர் ஒருவரின் வண்டி எண்ணெயை மோந்து பார்த்துவிட்டு, அந்த வண்டி ஞாயிற்றுக்கிழமைதோறும் டாக்டருக்குத் தெரியாமல் பெரம்பூர்வரை போய் வருகிறது என்றானாம். பெரம்பூரில்தான் அந்த டிரைவரின் மாமியார் வீடு. விசாரித்ததில் டிரைவர் அழுதுவிட்டானாம். இதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் நம்பினாலும், அது சாமானியப்பட்ட விரல் அல்ல.

மிக்கேல் பிறந்தது கடலுக்குப் போகிற வீட்டில். அப்பன், சித்தப்பன், மாமன் அத்தனை பேரும் கட்டுமரத்துக்காரர்கள். இவனுக்கு மட்டும் கட்டுமரம் மூன்றாவது அலையைத் தாண்டினதும் குடல் வாய்க்கு வந்துவிடும். பதினாலு வயதில் நாலு தடவை போனான், நாலு தடவையும் பாதி உயிராகத் திரும்பி வந்தான். இவன் மீன் பிடிக்கப் போகிறானா, மீனுக்குச் சோறு போடப் போகிறானா என்று குப்பத்துப் பெண்கள் கேட்டுச் சிரித்தார்கள். அவனுக்குக் கடல் வாய்க்கவில்லையே தவிர மூக்கு வாய்த்திருந்தது. அவன் அம்மா கூடை சுமந்து மீன் விற்றவள். செவுளை விலக்கி ஒரு மோப்பம் பிடித்தால் விடியற்காலையில் பிடித்ததா, நேற்றையதா என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்குதான் மகனுக்கு வந்தது. குப்பத்தாரின் சிரிப்பைப் பொறுக்க முடியாமல் மவுண்ட் ரோட்டில் ஒரு மோட்டார் ஷெட்டில் வண்டி கழுவப் போனவன், மூக்கை மீனிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷத்தில் லஸ்ஸில் வக்கீல் பஞ்சாபகேச ஐயர் முதன்முதலாக மோட்டார் வாங்கியபோது அதற்கு டிரைவராகப் போய் உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை.

வக்கீலின் மனைவி மட்டும் முதல் மாதம், "ஏண்டாப்பா மிக்கேல், வண்டியில என்னமோ வாடை அடிக்கறதே" என்று கேட்டாள். சீட்டுக்கடியில் சாப்பாட்டுத் தூக்கில் மீன் குழம்பை வைத்துக்கொண்டு, அது பெட்ரோல் என்று சொல்லிவிட்டான். அன்று முதல் அந்த அம்மாள் வஞ்சிர மீனின் வாடையையே பெட்ரோல் வாடை என்று கடைசிவரை நம்பியிருந்தாள்.

அந்த நாளில் மோட்டார் வைத்திருந்தவர்களுக்குப் பெண் கல்யாணத்தைவிட எஞ்சின் எண்ணெய் பெரிய கவலை. மெல்லியதை ஊற்றினால் சென்னை வெயிலில் தண்ணீராய் இளகிப் புகையோடு போய்விடும். கனமானதை ஊற்றினால் காலையில் ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றாலும் எஞ்சின் கண் விழிக்காது. லஸ் பெட்ரோல் கடையில் இதற்கென்று ஒரு தகரப் பலகையைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எந்த வண்டிக்கு எந்த எண்ணெய் என்று கம்பெனிக்காரன் அதில் வரிசையாக அச்சடித்திருந்தான். கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. சென்னையில் குளிர்காலம் எந்தக் கிழமை வருகிறது என்று மிக்கேல் கடைக்காரரைக் கேட்பான். பலகையை அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் அவன் சொன்ன கணக்கு பெரும்பாலும் பலகையோடு ஒத்துப்போகும். புது எஞ்சினுக்குள் இடுக்கு குறைவு, அதனால் மெல்லிய எண்ணெய். தேய்ந்த எஞ்சினுக்குள் இடுக்கு அதிகம், அதனால் கனமானது. சித்திரை, வைகாசியில் இரண்டுக்கும் ஒரு படி கனம் கூட. இதைத் தெரிந்துகொள்ளத்தான் அடையாற்றிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும்கூட டிரைவர்கள் வந்தார்கள். சாயங்காலம் முதலாளிமார் லஸ்ஸிலிருந்த கிளப்புக்குள் சீட்டாடிக்கொண்டிருக்க, வெளியே மர நிழலில் மிக்கேலின் விரல் வேலை செய்துகொண்டிருக்கும்.

தெரியாது என்ற ஒரு சொல் மட்டும் அவன் வாயில் வந்ததில்லை. டிரைவர் வேலையில் அது ஒரு பழக்கம். முதலாளி ஒரு விலாசத்தைச் சொன்னால், தெரியுமா தெரியாதா என்று யோசிக்காமல் தெரியும் என்று சொல்லி வண்டியை எடுத்துவிட வேண்டும். போகிற வழியில் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். தெரு விஷயத்தில் அது செல்லும்.

லஸ் முனையில் ஜட்கா ஸ்டாண்டு ஒன்று இருந்தது. அங்கே அக்பர் பாஷா என்ற ஜட்காக்காரன். இராயப்பேட்டைக்காரன், மிக்கேலைவிட ஐந்தாறு வயது மூத்தவன். மிக்கேல் வண்டி எடுத்த முதல் நாளே ஹாரனை அழுத்தி அக்பர் பாஷாவின் குதிரையை மிரள வைத்தான். குதிரை ஒரு பூக்கடைக்குள் நுழைந்து, மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தது என்று சொல்வார்கள். இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையிலேயே சிநேகமாகிவிட்டது. பத்து வருஷம், மழை நாள் தவிர மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஒன்றாக நின்று டீ குடித்தார்கள். "உன் வண்டி பெட்ரோலு குட்ச்சிட்டு ஒரு கனைப்பு கூட கனைக்கல பாரு, நன்றி கெட்ட ஜென்மம்" என்று அக்பர் பாஷா சொல்வான். உன் குதிரை நன்றியைத் தெருவெல்லாம் போட்டுவிட்டுப் போகிறது என்று மிக்கேல் பதில் சொல்வான். ரம்ஜானுக்கு இராயப்பேட்டையிலிருந்து சாந்தோமுக்குச் சேமியா வரும். கிறிஸ்துமஸுக்கு மிக்கேலின் மனைவி அந்தோணியம்மாள் சுட்ட பணியாரம் இராயப்பேட்டைக்குப் போகும்.

பிறகு பஸ் வந்தது. ஜட்காவில் ஏற ஆள் குறைந்தது. முப்பத்தோராம் வருஷக் கடைசியில் அக்பர் பாஷா குதிரையை விற்றான். மனைவி அஸ்மத்துன்னிசாவின் வளையல்களும் கூடவே போயின. அடையாற்றில் ஒரு ஜமீன்தாரின் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய அமெரிக்க மோட்டார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் மிக்கேல்தான். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தும் அக்பர் பாஷாவின் வாய் 'ஹை ஹை' என்றுதான் சொல்லும். நிறுத்த வேண்டிய இடத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்துக் கடிவாளத்தை இழுப்பான். மூன்று மாதத்தில் அதெல்லாம் சரியாகி, தியாகராய நகரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளின் சொந்தக்காரர்களெல்லாம் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினதும் பாஷாவின் வண்டியைத் தேட ஆரம்பித்தார்கள்.

அந்தப் பங்குனியில்தான் மீனம்பாக்கத்து மைதானத்தில் விமானம் ஒன்று வந்து வேடிக்கை காட்டியது. ஜெர்மன் சண்டைக் காலத்துப் பழைய விமானம். பஞ்சாபகேச ஐயர் குடும்பத்தோடு பார்க்கப் போனார். மிக்கேல் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு விமானத்தின் பக்கத்திலேயே போய் நின்றான். மூக்கு அவனை இழுத்துக்கொண்டு போயிற்று. பெட்ரோலுக்கு நடுவே ஏதோ பழகின வாடை. கிட்டே போய்ப் பார்த்தால், விமான எஞ்சினைக் கவனிக்கிற பிட்டர் ஒருவன் டின்னிலிருந்து எஞ்சினுக்குள் சாட்சாத் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கைப் பிடித்துப் புகட்டுகிற அதே எண்ணெய். அந்த எஞ்சின் விட்ட புகையைக் கிட்ட நின்று சுவாசித்த மயிலாப்பூர் வக்கீல்களில் ஒன்பது பேர் மறுநாள் கோர்ட்டில் வாய்தா வாங்கினார்கள் என்றும், காரணத்தை ஜட்ஜிடம் சொல்ல முடியாமல் தவித்தார்கள் என்றும் பேச்சு.

பிட்டர் நல்ல மனிதன். மிக்கேல் கேட்டதற்கு நிறுத்தி நிதானமாகவே பதில் சொன்னான். இந்த மாதிரி எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் சரி, எத்தனை சூட்டிலும் இளகாது. ஆனால் இதை ஊற்றினால் இதை மட்டும்தான் ஊற்ற வேண்டும். கம்பெனி எண்ணெய் இருந்த எஞ்சினில் ஒரு சொட்டுக்கூட இதைச் சேர்க்கக் கூடாது, இரண்டும் ஒட்டாது, கோந்தாகிவிடும். தனியாக ஊற்றினாலும் விமானம் இறங்கினதும் சூடு ஆறுவதற்குள் வடித்துவிட வேண்டும். மிக்கேல் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினான். காதில் ஒன்றும் கோளாறில்லை, எல்லாம் நன்றாகவே விழுந்தது.

லஸ்ஸுக்குத் திரும்பி வந்து டிரைவர்களிடம் சொல்லும்போது அதில் முதல் பாதி மட்டும்தான் வந்தது. விமானம் விளக்கெண்ணெய் குடித்துவிட்டு வானத்தில் போகிறது என்பது கதை. இன்னதோடு சேராது, இப்போது வடிக்க வேண்டும் என்பதெல்லாம் கதையா? நாலு தடவை சொன்னதில் அந்த இரண்டாம் பாதி அவனுக்கே மங்கிப்போயிற்று.

வைகாசி பிறந்தது. அடையாற்றில் இருந்த ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர் அக்பர் பாஷாவைக் கூப்பிட்டு அனுப்பினார். காஞ்சிபுரம் கருட சேவைக்கு அவரும் அவர் மனைவியும் அக்காளும் போக வேண்டும். வண்டி நன்றாகப் போய் வந்தால், அதற்குப் பிறகு தினம் காலையும் மாலையும் தம் வீட்டுக்கே மாத வாடகைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அக்பர் பாஷாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். நிலையான வேலை, ஒரே வீடு. அந்த ஒரு பயணத்தில்தான் எல்லாம் இருந்தது.

பயணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, சாயங்காலம் வண்டியை நேராகக் கிளப்பு வாசலுக்கு ஓட்டிவந்து மிக்கேலின் முன்னால் நிறுத்தினான். டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"கத்திரி வெயிலு மிக்கேலு. காஞ்சிபுரம் போய் வரணும். முந்தாநாளுதான் பெட்ரோல் கடைல பலகைய பாத்து புது எண்ண ஊத்துனாங்க. அது தாங்குமா? நீ ஒரு வார்த்த சொல்லு, எனக்கு அது போதும்."

மிக்கேல் குச்சியை எடுத்தான். விரலில் வாங்கினான், தேய்த்தான், மோந்தான். எண்ணெய் புதிது. கனமும் சரியாக இருந்தது. தேய்ந்த எஞ்சினுக்கு, வைகாசி வெயிலுக்கு, நூறு மைல் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணெய் கிடையாது. விரல் அன்றைக்கும் உண்மையைத்தான் சொல்லிற்று. இருப்பதே போதும், போய் வா என்று சொல்லி அனுப்பியிருந்தால் முடிந்தது.

ஆனால் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பலகையைப் பார்த்துக் கடைக்காரன் ஊற்றினதே சரி என்று சொல்வதற்கு மிக்கேல் எதற்கு? அவன் இன்னொரு முறை மோந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு விமானக் கதையை ஐந்தாவது தடவையாக ஆரம்பித்தான்.

"வானத்துல போறதுக்கே வெளக்கெண்ணதான் தாங்குதுன்னா, காஞ்சிபுரம் இன்னா பெரிய காஞ்சிபுரம்? பாதி எடுத்துடு பாய். பாதி நல்ல வெளக்கெண்ண ஊத்து. வண்டி வெண்ண மாரி போவும்."

முழுவதையும் வடித்துவிட வேண்டாமா என்று அக்பர் பாஷாதான் கேட்டான். குதிரைக்காரன் அவன். இரண்டு தீனியைக் கலந்தால் வயிறு என்ன ஆகும் என்று யோசித்துப் பழகினவன். புது எண்ணெயைத் தரையில் ஊற்றினால் பாவம் இல்லையா என்று மிக்கேல் சொல்லிவிட்டான். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். அக்பர் பாஷா அன்றைக்கே மயிலாப்பூர்க் குளக்கரைச் செக்கில் கண்ணெதிரே ஆட்டி வாங்கின விளக்கெண்ணெயை, துணியில் இரண்டு தடவை வடிகட்டி, பிஸ்மில்லா சொல்லி ஊற்றினான்.

ஒரு வாரம் வண்டி உண்மையாகவே வெண்ணெய் மாதிரி போயிற்று. போகிற தெருவெல்லாம் பிள்ளைகள் புகை வாடையை மோந்துவிட்டு வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே அம்மா விளக்கெண்ணெய்க் கிண்டியோடு வருகிறாளாக்கும் என்று. எட்டாம் நாள் அக்பர் பாஷா லஸ்ஸுக்கு வந்து, காலையில் ஹாண்டில் கனமாக இருக்கிறது, சுற்றினால் களி கிண்டுகிற மாதிரி இருக்கிறது என்றான். மிக்கேல், புது எண்ணெய் அப்படித்தான், பழகிவிடும் என்றான். சொன்ன அந்த நிமிஷத்தில் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

மறுநாள் காலை வக்கீல் வீட்டுக் கொட்டகையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. மைதானம், டின், பிட்டரின் முகம், அவன் சொன்ன இரண்டாம் பாதி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கக் கூடாது. மிக்கேல் வாளியை அப்படியே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை. பயணத்துக்கு இன்னும் ஐந்தாறு நாள் இருந்தது. எஞ்சினுக்கு அடியில் இருக்கிற திருகைக் கழற்றி, எல்லாவற்றையும் வடித்து, மண்ணெண்ணெய் விட்டு இரண்டு தடவை அலசி, புது எண்ணெய் ஊற்றினால் வண்டி பிழைத்துக்கொள்ளும். அரை நாள் வேலை. தானே போய்ச் செய்து கொடுத்துவிடலாம்.

சாயங்காலம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் லஸ்ஸுக்குப் போனான். அக்பர் பாஷா நின்றிருந்தான். அவனைச் சுற்றிப் பழைய ஏழெட்டுப் பேரோடு புதிதாக இரண்டு பேர். மிக்கேலைக் கண்டதும் அக்பர் பாஷா அந்தப் புதியவர்களுக்கு, விமானத்து ரகசியத்தைச் சென்னையில் கண்டுபிடித்த ஒரே ஆள் இவன்தான் என்று காட்டினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிக்கேல் சிரித்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாள் வக்கீலுக்கு வேலூரில் கேஸ். அதற்கு மறுநாள் அக்பர் பாஷா வரவில்லை. அதற்கும் மறுநாள், இத்தனை நாள் ஓடிவிட்டதே, இனிமேலா என்னமோ ஆகப்போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அந்தோணியம்மாள் என்னவென்று கேட்டாள். வேலூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

கருட சேவைக்கு முந்தின நாள் ஜட்ஜ் குடும்பத்தோடு கிளம்பின வண்டி பூந்தமல்லியைத் தாண்டிற்று. ஸ்ரீபெரும்புதூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது எஞ்சின் ஒரு முறை உறுமி, இரும்பை இரும்பால் அறைகிற சத்தம் போட்டு, அப்படியே நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். கோந்தாகிப்போன எண்ணெய் உள்ளே துவாரத்தையெல்லாம் அடைத்துவிட்டிருந்தது. எண்ணெய் கிடைக்காத பேரிங்குகள் உருகி அச்சோடு ஒட்டிக்கொண்டன. உச்சி வெயில். ஜட்ஜின் அக்காளுக்கு மயக்கம் வந்துவிட்டது. அக்பர் பாஷா வயற்காட்டில் ஓடித் தண்ணீரும் ஒரு வைக்கோல் வண்டியும் கொண்டுவந்தான். ஜட்ஜ் வைக்கோல் மேல் உட்கார்ந்து ஸ்ரீபெரும்புதூர்வரை போனார். வழியில் கும்பிட்டவர்களையெல்லாம் கைதிக்கூண்டில் நிற்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு போனார் என்பார்கள். அங்கிருந்து காஞ்சிபுரம் போக அன்றைக்கு வேறு வழி கிடைக்கவில்லை. கருட சேவை போயிற்று. அவர் அக்பர் பாஷாவைத் திட்டவில்லை. வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னார்.

இரண்டு மாட்டைக் கட்டி வண்டியை இராயப்பேட்டைக்கு இழுத்துவந்தார்கள். பட்டறை மாசிலாமணி எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, இதற்குப் புது எஞ்சின்தான் போட வேண்டும் என்றார். புது எஞ்சினுக்கு விற்க அந்த வீட்டில் வளையல் எதுவும் மிச்சமில்லை. வண்டி பழைய இரும்பாகப் போயிற்று.

செய்தி லஸ்ஸுக்கு வந்த அன்று மிக்கேல் இராயப்பேட்டைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. என்ன சொல்வது என்று தெரிந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தான். அக்பர் பாஷா, ஜமீன்தார் கொட்டகையில் கிடந்த கிழட்டு வண்டி, எத்தனை நாள் ஓடும் என்று எல்லோரிடமும் சொல்வதாகக் காதில் விழுந்தது. அதைக் கேட்டபோது முதலில் மிக்கேலுக்கு மூச்சு வந்தது. பிழைத்தோம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்துத்தான் பிறகு வருஷக்கணக்காக அவன் வெட்கப்பட்டான்.

அக்பர் பாஷா கொஞ்ச நாள் பீச்சில் மற்றவர்களின் குதிரையைப் பார்த்துக்கொண்டான். பிறகு லஸ் பெட்ரோல் கடையிலேயே பம்பு சுற்றுகிற வேலை கிடைத்தது. மிக்கேல் வக்கீல் வண்டியோடு வாரம் இரண்டு தடவை அங்கே போயாக வேண்டும். எத்தனை காலன் பெட்ரோல் என்று அக்பர் பாஷா கேட்பான். மிக்கேல் சொல்வான். பம்பு சுற்றும், வண்டி கிளம்பும். ரம்ஜானுக்குச் சேமியா வரவில்லை. பணியாரத்தைக் கொடுத்தனுப்பலாமா என்று அந்தோணியம்மாள் கேட்டபோது, வேண்டாம் என்றான். விரலைத் தேடி வருகிறவர்களிடம், பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். அடக்கம் வந்துவிட்டது என்று மயிலாப்பூர் அவனை இன்னும் அதிகமாகப் புகழ்ந்தது.

வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் சாந்தோம் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவான். குடித்தது, பொய் சொன்னது, மச்சினனைத் திட்டினது எல்லாம் சொல்வான். இதை மட்டும் தாண்டிப் போய்விடுவான். ஐந்தாவது வருஷம் சொல்லிவிட்டான். சாமியார், என்னிடம் சொன்னது சரி, ஆனால் வண்டி என்னுடையது அல்லவே, வண்டிக்காரரிடம் போய்ச் சொல் என்றார்.

மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, மிக்கேல் வண்டியைப் பம்பின் முன்னால் நிறுத்தி இறங்கினான். அக்பர் பாஷா குழாயை எடுத்தான். எத்தனை காலன் என்று கேட்பதற்கு முன்னால் மிக்கேல் ஆரம்பித்துவிட்டான். மைதானம், பிட்டர், அவன் சொன்ன இரண்டாம் பாதி, கொட்டகைப் படியில் ஞாபகம் வந்தது, அதற்கு அப்புறமும் ஐந்தாறு நாள் இருந்தது, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னான். அன்றைக்கு விரலில் பட்ட எண்ணெய் சரியான எண்ணெய்தான் என்பதையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அக்பர் பாஷா குழாயைக் கொக்கியில் மாட்டினான்.

"தெரியும்" என்றான்.

மிக்கேல் நிமிர்ந்தான்.

"மாசிலாமணி தொறந்த அன்னிக்கே தெரியும். கோந்து மாரி வழிச்சி எடுத்துக் காட்னாரு. இதுல எவன் வெளக்கெண்ணைய கலந்தான்னு அவரே கேட்டாரு."

"அப்புறம் ஏன் பாய் கிழட்டு வண்டின்னு ஊரெல்லாம் சொன்ன?"

"உன் விரலுக்குப் பேரு போனா உனுக்கு வேற இன்னா கீது? நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். மொத வாரமே வந்து இருந்தா ரெண்டு அறை வுட்டு இருப்பேன். அப்பால ரெண்டு பேரும் போய் டீ குட்ச்சி இருப்போம். அஸ்மத்து தினமும் கேப்பா, மிக்கேலு வந்தானா, மிக்கேலு வந்தானான்னு. ஒரு வருசம் பாத்தேன்."

"இப்ப அடிச்சிடு பாய்" என்றான் மிக்கேல்.

அக்பர் பாஷா அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருக்காதா என்று மிக்கேல் தேடினான். ஒரு துளி இருந்தால்கூடப் போதும் என்று இருந்தது.

"இப்ப கை வராது நைனா" என்றான் அக்பர் பாஷா.

பின்னால் மாம்பலத்து டாக்டர் வண்டி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. அக்பர் பாஷா அந்தப் பக்கம் கையைக் காட்டி, இதோ வருகிறேன் என்று சைகை செய்தான். மிக்கேலிடம் திரும்பி, "வண்டிய கொஞ்சம் முன்னால எடுங்க டிரைவரே" என்றான்.

மிக்கேல் ஏறி உட்கார்ந்து, வண்டியைப் பம்பைத் தாண்டி நகர்த்தி, வந்தவனுக்கு இடம் விட்டான். பெட்ரோல் போட்டுக்கொள்ளவில்லை என்பது கச்சேரி ரோடு திரும்பின பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மவுண்ட் ரோடுவரை போய்ப் போட்டுக்கொண்டான். லஸ்ஸில் கடை இருக்கும்போது இத்தனை தூரம் எதற்கு என்று வக்கீல் கேட்டார். அங்கே நல்ல பெட்ரோல் கிடைக்கிறது என்றான். எண்ணெய் விஷயத்தில் அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.